இரட்டை என்ஜின் மாதிரி விமானம்: என்ஜின் கோணம், வயரிங், ஒரு பக்கம் நின்றுபோனால் செய்ய வேண்டியவை

தட்டான் எழுதியது:

வணக்கம். ஒற்றை என்ஜின் மாதிரி விமானங்களையே கட்டிப் பறக்கவிட்டு வந்த நான், இப்போது முதன்முறையாக இரட்டை என்ஜின் விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். பால்சா மரச் சட்டகம், 1.6 மீட்டர் இறக்கை நீளம், மூன்று சக்கரங்கள். முடிந்தபின் எடை ஏறக்குறைய 2.4 கிலோ வரும் என்று மதிப்பிட்டுள்ளேன். இறக்கையின் விலா எலும்புகள் ஒட்டி முடிந்துவிட்டன. என்ஜின் கூடுகளை இன்னும் பொருத்தவில்லை. ஆகவே இந்தக் கட்டத்தில் எடுக்கும் முடிவுகளைப் பின்னர் மாற்றுவது கடினம்.

எனக்கு விளங்காத செய்திகள் மூன்று. வலப்பக்க என்ஜினைச் சற்று வலப்புறமாகவும் இடப்பக்க என்ஜினைச் சற்று இடப்புறமாகவும் திருப்பிப் பொருத்தினால் ஒன்று நின்றாலும் விமானம் நேராகப் போகும் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? கிளோ என்ஜின் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சிறு என்ஜின்) நல்லதா, மின் மோட்டார் நல்லதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பறக்கும்போது ஒரு பக்கம் நின்றுவிட்டால் என் கை முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஆமணக்கு எழுதியது:

மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள் இருக்கிறது.

ஒரு என்ஜின் நின்ற இரட்டை விமானத்தைத் தரையில் மோதவைப்பது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு என்ஜின்தான். இடப்பக்கம் நின்றது என்று கொள்வோம். வலப்பக்கத்தின் இழுப்பு மூக்கை இடப்புறம் திருப்புகிறது. புரொப்பெல்லர் காற்று நின்றுபோனதால் இடது இறக்கையின் தூக்குவிசை குறைகிறது. விமானம் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்குவதால் அந்த இறக்கை மேலும் தாழ்கிறது. பைலட்டின் விரல் உடனே வலப்புற எய்லரானைக் (இறக்கையின் பின்விளிம்பில் இருந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை) கொடுக்கிறது. அப்போது இடது இறக்கையின் எய்லரான் கீழிறங்கி, ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் அந்த இறக்கையை ஸ்டாலுக்கு, அதாவது தூக்குவிசை சட்டென்று சரியும் நிலைக்கு, இன்னும் அருகில் தள்ளுகிறது. பிறகு நடப்பது பாதிச் சுருளில் மூக்கு கீழாக விழுவது. உயரம் குறைவாக இருந்தால் அத்தோடு கதை முடிந்தது.

இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுப்பது த்ராட்டில், அதாவது என்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி. சுக்கானின் (செங்குத்து வாலில் இருந்து மூக்கை இடவலமாகத் திருப்பும் பலகை) வலிமை வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் சுக்கானின் விசை நான்கில் ஒன்றாகிவிடும்; ஆனால் ஓடும் என்ஜினின் இழுப்போ வேகம் குறையும்போது சற்றுக் கூடவே செய்யும். ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வேகம் உண்டு; அதற்குக் கீழே முழு த்ராட்டிலில் முழுச் சுக்கான் கொடுத்தாலும் நேராக வைத்திருக்க முடியாது. ஆள் ஏறிப் பறக்கும் இரட்டை என்ஜின் விமானங்கள் பலவற்றில் பைலட்டுகளுக்கு அந்த வேகத்தைக் கருவிப் பலகையிலேயே குறித்துக் கொடுக்கிறார்கள். தரையில் நின்று பார்க்கும் நமக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் காரணம் புரியாமல் மூக்கு ஒரு பக்கம் திரும்பினால் முதல் வேலை த்ராட்டிலைப் பின்னுக்கு இழுப்பது, இரண்டாவது மூக்கைத் தாழ்த்துவது, மூன்றாவது எதிர்ச் சுக்கான். எந்த என்ஜின் நின்றது என்று கண்டுபிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. இழுப்பு போய்விட்டால் உங்கள் கையில் இருப்பது ஒரு கிளைடர். அதை நேராக வைத்திருக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கிளோ என்ஜின் வைப்பதாக இருந்தால், இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்ற ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். இரண்டும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதே தேவை. புதியவர்கள் டேக்கோமீட்டரை (சுற்று வேகம் அளக்கும் கருவி) வைத்துக்கொண்டு, மெதுவாக ஓடும் என்ஜினின் நீடிலை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) மூடி மூடி மற்றதற்குச் சமமாக்கப் பார்ப்பார்கள். அப்படி எரிபொருள் குறைந்த நிலைக்குப் போன என்ஜின்தான், விமானம் மூக்கைத் தூக்கி ஏறும் நொடியில் நின்றுபோகும். ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியே அதன் உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நிமிடத்துக்கு 200 முதல் 300 சுற்று குறையும்வரை நீடிலைத் திறந்து விட்டுவிடுங்கள். பிறகு மூக்கை வானை நோக்கித் தூக்கிப் பிடித்து, முழு த்ராட்டிலில் ஒரு பத்துப் பதினைந்து நொடி ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒலி சற்றே உயர்ந்து நிலைத்தால் நல்லது; உயர்ந்து பின் தளர்ந்தால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யும்போது உதவிக்கு ஒருவர் இருக்க வேண்டும்; புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராக எவரும் நிற்கக் கூடாது.

மீதமிருக்கும் வேறுபாடு எவ்வளவு தீங்கு செய்யும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே புரொப்பெல்லரில் இழுப்பு சுற்று வேகத்தின் இருமடியாக மாறும். ஒன்று 10,500, மற்றது 10,800 என்றால் இழுப்பில் வேறுபாடு 6 விழுக்காட்டுக்கும் குறைவு. சுக்கான் ட்ரிம்மில் (சுக்கானின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் அமைப்பு) அது கரைந்துவிடும். ஆனால் ஒன்று 10,000, மற்றது 11,000 என்றால் வேறுபாடு 21 விழுக்காடு; அப்போது எரிபொருள் வழியிலோ பிளக்கிலோ ஏதோ கோளாறு இருக்கிறது. நீடிலைத் தொடாமல் அதைத் தேட வேண்டும்.

ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி டாங்க், தனி த்ராட்டில் சர்வோ (த்ராட்டிலை அசைக்கும் சிறு மோட்டார்). டாங்குகள் ஒரே அளவில், கார்புரேட்டரை ஒட்டி ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நடுக்கோடு நீடிலுக்குச் சமமாகவோ சற்றுத் தாழவோ இருக்கலாம். டாங்க் வற்றும்வரை பறக்காதீர்கள். இரண்டும் ஒரே நொடியில் வற்றுவதில்லை.

கோணமானி எழுதியது:

என்ஜினை வெளிப்புறம் திருப்பிப் பொருத்துவதைப் பற்றிய நம்பிக்கை மிகப் பழையது; ஆனால் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இங்கே போட்டுப் பார்க்கலாம்.

உந்துவிசைக் கோடு எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அதுவே திருப்புத்திறனைத் தீர்மானிக்கிறது. புரொப்பெல்லர் உடற்பகுதியின் நடுக்கோட்டிலிருந்து 250 மில்லிமீட்டர் பக்கவாட்டிலும் எடை மையத்திலிருந்து 150 மில்லிமீட்டர் முன்னும் இருக்கிறது என்று கொள்ளுங்கள். நேராகப் பொருத்தினால் அந்தத் தொலைவு 250 மில்லிமீட்டர். 3 பாகை வெளிப்புறம் திருப்பினால் கோட்டின் பின்பகுதி சற்று உட்புறம் வரும். எவ்வளவு? 150 மில்லிமீட்டரை 3 பாகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, 250 என்பது ஏறத்தாழ 242 ஆகிறது. குறைவு 3 விழுக்காடு மட்டுமே. அந்தக் கோடு எடை மையத்தின் வழியாகவே செல்ல வேண்டுமானால் ஏறக்குறைய 59 பாகை திருப்ப வேண்டும். அப்படி ஒரு விமானம் பறக்காது.

இதைவிடப் பல மடங்கு பயன் தருவது என்ஜின்களை உடற்பகுதிக்கு நெருக்கமாக வைப்பது. உங்கள் உடற்பகுதியின் அகலம் 100 மில்லிமீட்டர் என்றும் புரொப்பெல்லர் 9 அங்குலம் என்றும் வைத்துக்கொண்டால், நடுக்கோட்டிலிருந்து சுவர்வரை 50, இடைவெளி 25, புரொப்பெல்லரின் அரைவிட்டம் 114. மொத்தம் 189 மில்லிமீட்டர். 250க்குப் பதிலாக 189 என்றால் திருப்புத்திறன் கால்பங்கு குறைந்துவிடுகிறது. கூடு இன்னும் பொருத்தப்படவில்லை என்கிறீர்கள். எனவே இது இப்போதே செய்யக்கூடியது.

மூன்று கத்தி கொண்ட, விட்டம் குறைந்த புரொப்பெல்லருக்கு மாறினால் இன்னும் சற்று உள்ளே வரலாம். திறன் சிறிது குறையும். ஆனால் இவ்வகை விமானத்தில் அந்தப் பேரத்தை நான் ஒப்புக்கொள்வேன்.

வால்துடுப்பு எழுதியது:

கோணமானி அவர்களின் கணக்கில் பிழை காண முடியாது. ஆயினும் வெளிப்புறக் கோணத்தை அடியோடு தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் பயன் நெம்புத் தொலைவில் மட்டும் இல்லை. வலது என்ஜின் வலப்புறம் திரும்பியிருந்தால் அதன் காற்று பின்னோக்கிப் போகும்போது நடுவை நோக்கிச் சாய்கிறது. என்ஜின்களுக்கு நேர் பின்னால் இரண்டு செங்குத்து வால்கள் உள்ள விமானங்களில் அந்தக் காற்று வாலின் வலப்பக்கத்தில் மோதி, வாலை இடப்புறம் தள்ளி, மூக்கை வலப்புறம் கொண்டுவருகிறது. அதாவது ஓடும் என்ஜின் செய்யும் கேட்டை அதே என்ஜினின் காற்று ஓரளவு திருத்துகிறது. நான் பறக்கவிடும் இரட்டை வால் விமானத்தில் நேர்க்கோணத்துக்கும் 2 பாகைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருக்கிறேன்.

ஒற்றை வால் என்றால் செய்தி வேறு. 3 பாகையில் 700 மில்லிமீட்டர் பின்னால் போன காற்று 37 மில்லிமீட்டர்தான் உள்ளே வந்திருக்கும். நடுவில் நிற்கும் வாலை அது தொடுவதில்லை.

ஆனால் தட்டான் அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கோணத்தைப் பற்றியே அல்ல. வாலைப் பாருங்கள். அசல் விமானத்தை அளவு குறைத்துச் செய்யும்போது பலரும் செங்குத்து வாலையும் அதே விகிதத்தில் வைத்துவிடுகிறார்கள். சுக்கானின் அகலத்தைச் சற்றுக் கூட்டி, இருபுறமும் 30 பாகையாவது திரும்பும்படி கீலை அமையுங்கள். சுக்கான் சர்வோவை மற்றவற்றைவிட வலியதாகத் தேர்ந்தெடுங்கள். தோற்றத்தில் இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படாது.

கோணமானி எழுதியது:

இரட்டை வாலைப் பற்றி வால்துடுப்பு சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் கணக்கு காற்றின் ஓட்டத்தைக் கருதவில்லை. தட்டானின் விமானம் ஒற்றை வால் என்றே நினைக்கிறேன். அப்படியானால் 1 அல்லது 2 பாகை கொடுத்தால் தீங்கில்லை. அதை நம்பி வேறெதையும் தளர்த்தாமல் இருந்தால் போதும்.

தட்டான் எழுதியது:

ஒற்றை வால்தான். கூடுகளை 192 மில்லிமீட்டரில் வைப்பதாக முடிவு செய்துவிட்டேன், சுக்கானையும் பெரிதாக்குகிறேன். ஆமணக்கு ஐயா சொன்னதைப் படித்தபின் மின் மோட்டாருக்கே போகலாம் என்று தோன்றுகிறது. இரண்டு ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி), ஒரு ரிசீவர் என்றால் வயரிங் எப்படி? பேட்டரி ஒன்றா, இரண்டா?

முச்சுருள் எழுதியது:

பேட்டரி ஒன்றே போதும், ஒன்றே நல்லதும்கூட. இரண்டு பேட்டரிகளை இரண்டு மோட்டாருக்குத் தனித்தனியே கொடுத்தால், பழையது முதலில் தளரும். அந்தப் பக்கத்து மோட்டார் முதலில் வேகம் குறையும். கிளோ என்ஜினில் டாங்க் வற்றும் அதே சிக்கலை மின் விமானத்துக்குள்ளும் நாமே கொண்டுவந்ததாக ஆகிவிடும்.

அளவுகளுக்கு வருவோம். இவ்வகை விமானத்துக்குக் கிலோவுக்கு 220 வாட் என்பது நல்ல தொடக்கம். 2.4 கிலோவுக்கு 530 வாட். ஒவ்வொரு மோட்டாருக்கும் 265 வாட். நான்கு செல் லிப்போ பேட்டரி சுமையில் 14 வோல்ட் தரும் என்று கொண்டால் மொத்தம் 38 ஆம்பியர், பக்கத்துக்கு 19 ஆம்பியர். ஆகவே 30 ஆம்பியர் ஈஎஸ்சி இரண்டு போதும். பேட்டரியின் கனெக்டர் மட்டும் இரண்டின் கூட்டுத் தொகையைத் தாங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். எக்ஸ்டி60 இங்கே பொருத்தமானது. 4,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தினால், சராசரி 20 ஆம்பியர் இழுப்பில் ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் பறக்கலாம். டைமரை ஏழு நிமிடத்துக்கு வையுங்கள்.

ஈஎஸ்சியை எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. கூட்டுக்குள் காற்றோட்டம் கிடைக்கும் என்று ஈஎஸ்சியை அங்கே வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை நீண்ட வயர் இழுப்பவர்கள் பலர். ஈஎஸ்சி நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. நீண்ட வயரின் தூண்டல் காரணமாக ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் துள்ளி, ஈஎஸ்சியின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர்களை மெல்ல மெல்லச் சூடாக்கிக் கெடுக்கும். அதனால் ஈஎஸ்சிகளை உடற்பகுதியில் பேட்டரிக்கு அருகில் வைத்து, மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களை நீட்டுவதே மேல். பேட்டரிப் பக்கம் நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஈஎஸ்சியை ஒட்டி உள்தடை குறைந்த கெப்பாசிட்டரைச் சேர்த்துவிடுங்கள். நீட்டிய ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 220 மைக்ரோஃபாரட் என்பது பலரும் பின்பற்றும் அளவு.

அடுத்தது பிஇசி, அதாவது பெரிய பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் சுற்று. ஒவ்வொரு ஈஎஸ்சியும் தன் சிவப்பு வயர் வழியாக ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கும். ஸ்விட்சிங் வகை பிஇசி இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றோடொன்று மோதி, ரிசீவரே அணைந்துபோகும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு ஈஎஸ்சியின் பிளக்கில் உள்ள நடு முனையை ஊசியால் நெம்பி வெளியே எடுத்து, வயரோடு மடித்து, சுருங்கு குழாய் போட்டு மூடிவிடுங்கள். வயரை வெட்ட வேண்டாம். வெட்டினால் பின்னர் அதே ஈஎஸ்சியை வேறு விமானத்தில் பயன்படுத்தும்போது ஒட்டுப் போட வேண்டியிருக்கும். என் விருப்பத்தைக் கேட்டால், இரண்டு சிவப்பு முனைகளையும் எடுத்துவிட்டு, சர்வோக்களுக்கென்று தனி பிஇசி வைப்பேன். ஒரு ஈஎஸ்சி எரிந்தால் மோட்டார்தான் போக வேண்டும். சுக்கானும் சேர்ந்து போகக் கூடாது.

குறைந்த மின்னழுத்தத்தில் ஈஎஸ்சி மோட்டாரை நிறுத்தும் அமைப்பும் முக்கியம். ஒரே பேட்டரியாக இருந்தாலும் இரண்டு ஈஎஸ்சிகளும் மின்னழுத்தத்தைச் சரியாக ஒரே மாதிரி அளப்பதில்லை. ஒன்று சற்று முன்னதாக நிறுத்திவிடும். மேலும் ஒன்று நின்றவுடன் சுமை குறைந்து பேட்டரியின் மின்னழுத்தம் எழுந்துவிடுவதால் மற்றது நிற்கவே நிற்காது. தரையிறங்கும் தறுவாயில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆமணக்கு விளக்கிவிட்டார். இரண்டிலும் உடனடி நிறுத்தத்தை எடுத்துவிட்டு, படிப்படியாக வேகம் குறையும் முறையைத் தேர்ந்தெடுங்கள். நிறுத்தும் அளவையும் இருப்பதிலேயே தாழ்ந்ததாக வையுங்கள். பேட்டரியைக் காப்பது உங்கள் டைமரின் வேலை.

தட்டான் எழுதியது:

மிகவும் நன்றி ஐயா. இன்னும் இரண்டு கேள்விகள். புரொப்பெல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டுமா? சுக்கானோடு மோட்டார் வேகத்தை இணைக்கும் முறை, அதாவது திரும்பும் பக்கத்து மோட்டாரை மெதுவாக்கும் மிக்ஸிங், தொடக்கநிலையில் தேவையா?

வால்துடுப்பு எழுதியது:

எதிர்த்திசைச் சுழற்சி மின் விமானத்தில் எளிது. பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை மாறிவிடும். அந்தப் பக்கத்துக்கு எதிர்ச்சுழற்சிப் புரொப்பெல்லர் ஒன்று வாங்க வேண்டும். எழுத்துப் பொறித்த முகம் எப்போதும் பறக்கும் திசையை நோக்க வேண்டும். தள்ளுவகை என்று குறிக்கப்பட்டதை இழுக்கும் மோட்டாரில் போடுகிறோமே என்று குழம்பி, முன்பின்னாகத் திருப்பிப் போட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிப் போட்டாலும் ஓரளவு இழுக்கும் என்பதால் தவறு கண்ணில் படாமல் போய்விடும்.

எந்தத் திசை? பின்னாலிருந்து பார்க்கும்போது கத்திகளின் மேல்பகுதி உடற்பகுதியை நோக்கி வருவது நல்லது. அப்போது கீழிறங்கும் கத்தி உட்புறம் இருக்கும். விமானம் மூக்கைத் தூக்கிப் பறக்கையில் கீழிறங்கும் கத்தியே கூடுதலாக இழுப்பதால், இழுப்பின் மையம் நடுவை நோக்கி நகர்கிறது. இரண்டும் ஒரே திசையில், அதாவது வழக்கம்போல் பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாக ஓடினால், வலது என்ஜினின் இழுப்பு மையம் வெளிப்புறம் நகரும். அதனால் இடது என்ஜின் நிற்பதே அதிகத் தொல்லை தரும். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானமான லாக்ஹீட் பி-38 இதில் விதிவிலக்கு. அதன் முதல் மாதிரியில் கத்திகள் உட்புறமாகச் சுழன்றன. பின்னர் வந்தவற்றில், இலக்கு நோக்கிச் சுடும்போது விமானம் நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக வெளிப்புறமாக மாற்றினார்கள். அதனால் அந்த விமானத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் தொல்லை ஒரே அளவுதான். அசலைப் போலவே பி-38 கட்டுபவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னபின், அதே போரில் பறந்த பிரிட்டிஷ் டி ஹாவிலாண்ட் மொஸ்கீட்டோ விமானத்தின் இரண்டு மெர்லின் என்ஜின்களும் ஒரே திசையில்தான் சுழன்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஓடுபாதையில் அது இடப்புறம் இழுக்கும். பைலட்டுகள் இடது த்ராட்டிலைச் சற்று முன்னே வைத்து அதைச் சமாளித்தார்கள். ஒரே திசைச் சுழற்சியால் பறக்க முடியாமல் போவதில்லை.

முச்சுருள் எழுதியது:

மிக்ஸிங் பற்றி. தரையில் திரும்புவதற்கு அதற்கு இணையில்லை. வால் சக்கர விமானங்களில் குறிப்பாக. ஆனால் அதை ஒரு ஸ்விட்சில் வைத்து, பறக்குமுன் அணைத்துவிடுங்கள். தாழ்ந்த வேகத்தில் முழுச் சுக்கானோடு அதுவும் சேர்ந்தால், ஒரு என்ஜின் நின்ற நிலையை நாமே செயற்கையாக உண்டாக்குகிறோம். வித்தை காட்டும் விமானங்களுக்கு அது தேவைப்படலாம். உங்கள் விமானத்துக்கு 20 விழுக்காடு, தரையில் மட்டும்.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்றைக் கவனியுங்கள். மிக்ஸிங் வேண்டுமானால் இரண்டு ஈஎஸ்சிகளும் இரண்டு தனிச் சேனல்களில் இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் த்ராட்டில் கட் ஸ்விட்ச் பல கருவிகளில் த்ராட்டில் சேனலை மட்டுமே நிறுத்தும். இரண்டாவது சேனல் உயிரோடு இருக்கும். அந்த நிலையில் விமானத்தைத் தூக்கும்போது கட்டைவிரல் சுக்கான் குச்சியில் பட்டால், மிக்ஸிங் அந்த மோட்டாரைச் சுழற்றிவிடும். விரல் போகும் வேலை அது. த்ராட்டில் கட் இரண்டு சேனல்களையும் நிறுத்துகிறதா, சிக்னல் துண்டித்தால் இரண்டும் நிற்கிறதா என்பதைப் புரொப்பெல்லர் மாட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

தட்டான் எழுதியது:

கட்டி முடித்து, விமானத்தைத் தரையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தேன். எடை 2.46 கிலோ. நீங்கள் சொன்ன சோதனையில் இரண்டாவது சேனல் நிற்கவில்லை என்பது புரொப்பெல்லர் மாட்டுமுன்பே தெரியவந்தது; சரிசெய்துவிட்டேன். இப்போது முழு த்ராட்டிலில் இடது மோட்டார் 9,300 சுற்று, வலது 9,050. மேலும், குச்சியை மெதுவாக ஏற்றும்போது இடது முதலில் சுழலத் தொடங்குகிறது. வலது சற்றுத் தயங்கிப் பின்தொடர்கிறது.

முச்சுருள் எழுதியது:

முழு வேகத்தில் உள்ள வேறுபாடு ஐந்தரை விழுக்காடு இழுப்புதான், அதை விட்டுவிடலாம். தொடக்கத்தில் உள்ள தயக்கத்தை விடக் கூடாது. தரையிறங்கும்போது நீங்கள் பயன்படுத்துவது அந்தத் தாழ்ந்த பகுதியைத்தான். இரண்டு ஈஎஸ்சிகளுக்கும் த்ராட்டில் எல்லையை மீண்டும் கற்பியுங்கள்: புரொப்பெல்லரைக் கழற்றி, குச்சியை மேலே வைத்து, பேட்டரியை இணைத்து, ஒலி வந்ததும் குச்சியைக் கீழே இறக்குங்கள். இரண்டு சேனல்களின் எல்லை அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். மிக்ஸிங் அணைந்திருக்க வேண்டும். டைமிங், பிரேக் ஆகியவையும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அதன்பிறகும் வேறுபாடு இருந்தால் ஒவ்வொரு பாகமாக இடம் மாற்றிப் பாருங்கள். ஈஎஸ்சிகளை மாற்றும்போது குறை பக்கம் மாறினால் குறை ஈஎஸ்சியில். மாறாவிட்டால் மோட்டாரிலோ புரொப்பெல்லரிலோ.

நடு வேகத்தைச் சமப்படுத்தக் காதே போதும். 9,000 சுற்றில் இரண்டு கத்திப் புரொப்பெல்லர் எழுப்பும் ஒலி நொடிக்கு 300 அதிர்வு. மற்றது 9,060 என்றால் 302. இரண்டும் சேரும்போது நொடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். விமானத்துக்குப் பின்னால் சில அடி தள்ளி நின்றால் அந்த ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்கும். ஒரு சேனலின் எல்லையை ஒவ்வொரு படியாக மாற்றிக்கொண்டே வாருங்கள். துடிப்பு மெதுவாகி, நீண்டு, ஒரு கட்டத்தில் ஒரே ஒலியாகிவிடும்.

தட்டான் எழுதியது:

எல்லையை மீண்டும் கற்பித்ததும் தயக்கம் போய்விட்டது. துடிப்பைக் கேட்டுச் சமப்படுத்தவும் முடிந்தது. முதல் பறத்தல் காற்று அடங்கிய மாலையில் நடந்தது. சுக்கான் ட்ரிம் ஒரு சில சொடுக்குகளுக்கு மேல் தேவைப்படவில்லை. ஒரு மோட்டாரை நிறுத்திப் பழகுவது எப்படி என்று ஆமணக்கு ஐயா சொல்ல வேண்டும். அது தானாக நேரும் நாள்வரை காத்திருக்க விருப்பமில்லை.

ஆமணக்கு எழுதியது:

நல்ல முடிவு. மின் விமானத்தின் பெரிய வரம் இதுதான்: நின்ற மோட்டாரை ஸ்விட்சைத் திருப்பி மீண்டும் எழுப்பலாம். கிளோ என்ஜினை வானில் நிறுத்திவிட்டால் இப்படி எழுப்ப வழியில்லை.

டிரான்ஸ்மிட்டரில் ஒரு மூன்று நிலை ஸ்விட்சை ஒதுக்குங்கள். நடுநிலையில் இரண்டும் ஓடட்டும். மேலே போனால் இடது மோட்டாரும் கீழே வந்தால் வலது மோட்டாரும் தளர வேண்டும். முதலில் முழுவதும் நிறுத்தாமல் பாதியாகக் குறையும்படி வையுங்கள். நல்ல உயரத்தில், உங்களுக்குக் குறுக்காகப் பறந்துகொண்டே, அரை த்ராட்டிலில் ஸ்விட்சைத் தட்டுங்கள். மூக்கு எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதைக் கண்ணுக்குப் பழக்குங்கள். பிறகு முழுவதும் நிறுத்துங்கள். இரண்டு பக்கத்தையும் பழக வேண்டும். விமானம் உங்களை நோக்கி வரும்போதும் பழக வேண்டும், ஏனெனில் அப்போதுதான் சுக்கானின் பக்கம் கையில் குழம்பும். அதன்பின் உதவியாளரிடம் ஸ்விட்சை ஒப்படைத்து, சொல்லாமல் தட்டச் சொல்லுங்கள். அவர் தட்டிய நொடியில் உங்கள் இடது கட்டைவிரலோ வலதோ, எந்த விரல் த்ராட்டிலைப் பிடித்திருக்கிறதோ, அது யோசனையின்றிப் பின்னுக்கு வர வேண்டும்.

நிமிர்ந்து நிலைபெற்றபின் த்ராட்டிலைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பாருங்கள். முக்கால் சுக்கானில் நேராகப் பறக்க எவ்வளவு த்ராட்டில் தாங்குகிறது என்று தெரிந்துகொண்டால், அதுவே உங்கள் எல்லை. நின்ற பக்கத்தை நோக்கித் திரும்பவே கூடாது என்ற பழைய விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேகம் இருந்தால் எந்தப் பக்கமும் திரும்பலாம், வேகம் இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. இருந்தாலும் வாய்ப்பு இருக்கும்போது ஓடும் மோட்டாரின் பக்கமாகத் திரும்புங்கள்.

விமானத்தின் நிலையைத் தானே காக்கும் கைரோ வைத்திருந்தால் இந்தப் பயிற்சியை அதை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கைரோ தானே சுக்கானைக் கொடுத்துக்கொண்டே வரும்; விமானம் நேராகப் பறப்பதுபோல் தெரியும். சுக்கான் முழுவதும் தீர்ந்த நொடியில்தான் உங்களுக்குச் செய்தி வரும்.

தட்டான் எழுதியது:

சொன்னபடியே பழகிவருகிறேன். உயரத்தில் இப்போது அச்சமில்லை. ஒரு மோட்டாரோடு தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு எட்டாமல் போய்விடும் போலிருந்தால், ஓடும் மோட்டாரை முழுதாக ஏற்றி ஒரு சுற்று போகலாமா?

ஆமணக்கு எழுதியது:

கூடாது. தாழ்ந்த உயரம், குறைந்த வேகம், தூக்கிய மூக்கு, முழு த்ராட்டில் ஆகிய நான்கும் ஒன்றுசேரும் இடம் அது. எட்டாது என்று தோன்றினால் இறக்கைகளை மட்டமாக வைத்து, பாதைக்கு முன்னால் இருக்கும் புல்லிலேயே இறக்குங்கள்; சக்கரக் கால் வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். அப்படி நேராமல் இருக்க, ஒற்றை மோட்டாரில் வரும்போது வழக்கத்தைவிட உயரமாகவும் பாதைக்கு நெருக்கமாகவும் சுற்றி வாருங்கள். பாதை உறுதியாகக் கைக்கு எட்டும்வரை சக்கரங்களையும் ஃபிளாப்பையும் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) இறக்க வேண்டாம். கடைசித் திருப்பத்தை முடித்ததும் த்ராட்டிலை முழுவதும் மூடிவிட்டு, அந்தச் சமயத்தில் சுக்கானையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இழுப்பு நின்றபின் பிடித்துவைத்த சுக்கான் விமானத்தை மறுபக்கம் திருப்பிவிடும். ட்ரிம்மில் ஏதேனும் கொடுத்திருந்தால் அதையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.